நோய்ப் படுக்கையருகே ஒரு மாத இலக்கு

அண்மையில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். திருப்பலி முடிந்து அவர் வீட்டில் உணவருந்தியபின், மூத்த மகன் எங்களைத் திண்ணைக்கு அழைத்துச் சென்று மூலையில் நின்ற ஒரு பொருளைச் சுட்டிக்காட்டினார். பழைய போர்வையால் மூடப்பட்ட ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் அது.

"அப்பா போய்விட்டார்; இது மட்டும் நிற்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கினோம். இப்போது பாதி விலைக்கும் எடுக்க ஆளில்லை. விற்கும்வரை அந்தப் பையன் வாசலிலேயே தவம் கிடந்தான். பணம் கைக்குப் போனபின் ஃபோனைக்கூட எடுக்கவில்லை. நோயாளி வீட்டில் கொள்ளையடிக்கிற கூட்டம் சார் இது!" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தனர். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. ஏனெனில் நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். 2016 முதல் 2022 வரை ஆறு ஆண்டுகள் வடலூரில் தங்கி, கடலூரிலும் சிதம்பரத்திலும் இடைப்பட்ட சிற்றூர்களிலும் நோயாளிகளின் வீடுகளுக்கு மருத்துவக் கருவிகள் விற்ற விற்பனைப் பிரதிநிதி நான்.

அன்று திண்ணையில் விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ள எழுதவில்லை. தவறு நடந்தது, அதில் எனக்கும் பங்குண்டு. ஆனால், நோயாளியின் மூச்சுத் திணறலைக் கணக்கிட்டு ஊழியனுக்குக் கூலி தரும் ஒரு முறை இருக்கும்வரை, எத்தனை நல்ல பிள்ளைகளை அவ்வேலைக்கு அனுப்பினாலும் அவர்கள் கெட்டே திரும்புவர். அம்முறையை ஏனென்று கேட்காமல் பையனை மட்டும் திட்டுவது எளிது. ஆயின், அது நீதியாகாது. இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

நாற்சந்தியில் ஓர் அறை

வடலூரை வெளியூர் அன்பர்கள் வள்ளலாரின் சத்திய ஞான சபைக்காகவும் தைப்பூச ஜோதி தரிசனத்துக்காகவும் அறிவர். விற்பனை நிறுவனங்கள் அதனை வேறொரு காரணத்துக்காக அறியும். கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வழியாகச் சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடம் அது. அங்கே ஓர் அறை எடுத்து ஒரு பையனை இருத்திவிட்டால், கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலியின் ஓய்வுபெற்ற ஊழியர் குடும்பங்கள் என்று நாலு திக்கையும் ஒரே மோட்டார் சைக்கிளில் அடக்கிவிடலாம். பெட்ரோல் செலவு குறையும். முதுகெலும்பு தேய்வது பையனுடையது. அது கணக்கில் வராது.

காலை எட்டு மணிக்கு மேலாளரின் தொலைபேசி வரும். "இன்றைக்கு எத்தனை டிஸ்சார்ஜ்?" என்பதே அவருடைய காலை வணக்கம். ஒரு மனிதர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது அவர் குடும்பத்துக்கு மகிழ்ச்சியான செய்தி. எங்களுக்கு அது 'லீட்'. பக்கவாதம் என்றால் கட்டிலும் காற்று மெத்தையும். நுரையீரல் நோய் என்றால் ஆக்சிஜன் கருவியும் நெபுலைசரும். உறக்கத்தில் மூச்சடைப்பு என்றால் சிபாப். இடுப்பெலும்பு முறிவு என்றால் வாக்கரும் கமோடு நாற்காலியும். யார் எந்த நோயோடு எந்தத் தெருவுக்குத் திரும்புகிறார் என்ற தகவலை வார்டு ஊழியரோ, ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ, மருந்துக் கடைக்காரரோ தருவர். விற்பனை முடிந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவர்களும் என்னைப் போன்று குறைந்த கூலிக்காரர்களே.

என் அடிப்படைச் சம்பளம் ஒன்பதாயிரம் ரூபாயில் தொடங்கியது. அறை வாடகையும் சாப்பாடும் போக, வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். மீதி வாழ்வு ஊக்கத்தொகையில் தொங்கியது. மாத இலக்கில் எண்பது விழுக்காட்டை எட்டினால்தான் அத்தொகை பிறக்கும். எழுபத்தொன்பது எட்டியவனுக்கு ஒன்றும் இல்லை. ஆகவே, மாதத்தின் இருபத்தைந்தாம் நாளுக்குப்பின் நான் சந்தித்த நோயாளிகள், ஐந்தாம் நாளில் சந்தித்தவர்களைவிட அதிகக் கருவிகள் தேவைப்படுகிறவர்களாக என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நோய் அதேதான், மாறியது நாள்காட்டி.

ஃபோனை எடுக்காத பையனைப் பற்றி நண்பர் கூறியதும் உண்மையே. அதன் உட்பொருளையும் அவர் அறிய வேண்டும். விற்பதற்கு எனக்குக் கூலி உண்டு. விற்றபின் சென்று பார்ப்பதற்குக் கூலி இல்லை. பழுது நீக்கத் தெரிந்தவர் எங்கள் மாவட்டத்திலேயே இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும். விற்ற கருவி திரும்பி வந்தால், கொடுத்த ஊக்கத்தொகையை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இரவு பதினொரு மணிக்கு, "தம்பி, மெஷின் கத்துதுப்பா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று ஒரு தாய் அழைக்கும்போது, சொல்வதற்கு என்னிடம் எந்தப் பதிலும் இருந்ததில்லை. சில இரவுகளில் எடுத்தேன். பல இரவுகளில் எடுக்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் ஒளிந்துகொள்ளலாம். ஆகவே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

2021ஆம் ஆண்டின் இறுதி. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு நெசவாளர் குடும்பம். தறியில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்த மனிதர் நுரையீரல் நோயால் கட்டிலில் சாய்ந்துவிட்டார். நிமிடத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் ஆக்சிஜன் வீட்டில் வைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஒரே மகள், தையல் வேலை செய்பவர். காதுத் தோட்டை அடகு வைத்துப் பணத்தோடு காத்திருந்தார்.

இக்கருவியைப் பற்றி வாசகர் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு; நைட்ரஜன் 78 பங்கு. கருவி அறைக் காற்றை இழுத்து, அழுத்தி, சியோலைட் என்னும் கனிமச் சல்லடைக்குள் செலுத்துகிறது. சல்லடை நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, 90 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையுள்ள ஆக்சிஜன் வெளிவருகிறது. நல்ல ஐந்து லிட்டர் கருவி, ஐந்து லிட்டர் அளவில் திறந்துவிட்டாலும் அத்தூய்மையைக் காக்கும். கொரோனா நாட்களில் சந்தையில் குவிந்த சிறு கருவிகள் சிலவற்றின் பெட்டியில் 'ஒன்று முதல் ஏழு லிட்டர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒரு லிட்டரில் 90 விழுக்காடு உண்டு. அளவைக் கூட்டக் கூட்டத் தூய்மை சரிந்து, ஏழு லிட்டரில் 30 அளவுக்கு வந்துவிடும். அந்த உண்மை உள்ளே இருக்கும் கையேட்டின் சிறு எழுத்தில் கிடக்கும்.

எனக்கு அது தெரியும். கிடங்கில் அத்தகைய சிறு கருவிகள் தேங்கிக் கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட்டால் இரட்டை ஊக்கத்தொகை என்று அம்மாதம் அறிவித்திருந்தார்கள். "அளவைப் பற்றி அவர்களாகக் கேட்டால் சொல். நீயாக வாய் திறக்காதே" என்று மேலாளர் கூறியிருந்தார். அந்தப் பெண் கேட்கவில்லை. "நல்ல மெஷின்தானே அண்ணா?" என்று மட்டும் கேட்டார். "நல்ல மெஷின்தாம்மா" என்றேன்.

இன்னும் ஒன்றையும் நான் சொல்லவில்லை. ஐந்து லிட்டர் கருவி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் கொள்ளும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு எட்டு யூனிட்டுக்குமேல். இரண்டு மாதத்தில் அக்கருவி ஒன்றே 500 யூனிட்டை விழுங்கிவிடும். நம் மாநிலத்தில் அந்த எல்லையைக் கடந்தால் கட்டண விகிதமே மாறும். சிறு கருவிக்கு இதைவிடக் குறையலாம். ஆனால் எந்தக் கருவியானாலும் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் கடற்கரையைத் தாக்கியபின் வாரக்கணக்கில் இருளில் கிடந்த ஊர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை! அப்படியிருந்தும், "மாற்றாக ஒரு சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வீட்டிலும் நாங்களாகக் கூறியதில்லை. கூறினால் வாங்குபவர் தயங்குவர். தயங்கினால் விற்பனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

மூன்று வாரம் கழித்து அவரை மீண்டும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சில நாட்களில் இறந்துபோனார். நோய் முற்றியிருந்தது, நல்ல கருவி இருந்திருந்தாலும் பெரிதாக மாறியிராது என்று மருத்துவர் மகளிடம் கூறினாராம். மகளே என்னிடம் சொன்னார், என் மேல் ஒரு சந்தேகமும் இல்லாமல். "நீங்க பாவம், அன்னைக்கு மழையில வந்து மாட்டிக் கொடுத்தீங்க" என்றார். மருத்துவர் கூற்றில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. அம்மனிதருடைய கடைசி மூன்று வார மூச்சு எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம் என் இலக்கு நிறைவேறியது.

"ஏன் விலகவில்லை?"

"மனச்சாட்சி இருந்தால் வேலையை விட்டிருக்க வேண்டியதுதானே? யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று வாசகர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. நான் ஓராண்டுக்குள் விலகினேன். அதற்குமுன் ஐந்தாண்டுகள் விலகவில்லை. தங்கையின் திருமணக் கடன் ஒரு காரணம். கடலூர் மாவட்டத்தில் பட்டப்படிப்பு முடித்த பையனுக்கு, சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி அல்லது மோட்டார் சைக்கிளில் விற்பனை என்ற இரண்டே வாயில்கள் எனக்குத் திறந்திருந்தது மற்றொரு காரணம்.

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இந்தக் கேள்விக்கே விடையளித்திருக்கிறார். தேவையின் நெருக்கடியாலோ இதைவிடப் பெரிய தீமைக்கு அஞ்சியோ ஒரு தொழிலாளி கடுமையான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால், அது சுதந்திர ஒப்பந்தமாகிவிடாது. அவன் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையானவன் என்பது அவர் போதனையின் சாரம். அம்மடலை நினைவுகூர்ந்தே இன்றைய திருத்தந்தை 2025இல் லியோ என்ற பெயரைச் சூடினார். நாம் அப்பெயரைக் கேட்டு மகிழ்ந்தோம். அம்மடல் நம் திண்ணைக்கு வந்து நிற்கும் விற்பனைப் பையனுக்கும் பொருந்தும் என்று நினைத்துப் பார்த்தோமா?

உலகச் சட்டமும் இவனை மறந்துவிடவில்லை; மறந்தது நடைமுறை. விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களுக்கென 1976இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. முதலில் மருந்துத் துறைக்கு மட்டும் இருந்த அதனை, 2011 சனவரியில் அறுவைக் கருவிகள், செயற்கை உறுப்புகள், நோயறி கருவிகள் உள்ளிட்ட வேறு பத்துத் துறைகளுக்கும் விரித்தார்கள். பணி நியமனக் கடிதமும் வார ஓய்வும் ஈட்டிய விடுப்பும் அச்சட்டம் தந்த உரிமைகள். மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் தொழில் தகராறுச் சட்டத்தின் சொல்வரையறைப்படி 'தொழிலாளர்' ஆகமாட்டார்கள், இந்தத் தனிச்சட்டமே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1994இல் தீர்ப்பளித்தது. அந்தத் தனிச்சட்டமும் 2020இல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் கரைக்கப்பட்டது. அத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லாத் தொழிலாளர்க்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று அவை கூறுகின்றன. நன்று. ஆறு ஆண்டுகளில் என் கைக்கு வந்த ஒரே எழுத்து ஆவணம், இலக்கை எட்டாததற்கு விளக்கம் கேட்ட கடிதம்.

2021இல் தமிழக சட்டமன்றம் கடை ஊழியர்களுக்கு அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று ஒரு திருத்தம் நிறைவேற்றியது. நாள் முழுதும் நின்றே வேலை செய்த பெண்களின் கால்வலியை ஒரு சட்டம் கண்டுகொண்டதே என்று மகிழ்ந்தேன். கடைக்குள் நிற்பவருக்கு நாற்காலி கிடைத்தது. வெயிலில் ஓடுகிறவன் எங்கே உட்காருவான்? நோயாளி வீட்டு வாசற்படியில்தான்.

பணம் எங்கே போனது?

கொள்ளை என்று நண்பர் கூறினார். கொள்ளையென்றால் பொருள் எவர் வீட்டில் இருக்கிறது என்று தேடுவதே முறை. 2021 மே மாதம் ஆக்சிஜன் இன்றி மக்கள் தவித்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நாட்களில் நான் கருவியோடு சென்ற வீடுகளில் கைகூப்பினார்கள். கடவுள் அனுப்பிய ஆள் என்றார்கள். விலையை நிர்ணயித்தவன் நானில்லை என்பதை அப்போது எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

அவ்வாண்டு ஜூன் மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்களின் வணிக இலாபத்துக்கு 70 விழுக்காடு என்று தற்காலிக உச்சவரம்பு விதித்தது. அதுவரை விநியோக மட்டத்தில் இலாபம் 198 விழுக்காடு வரை இருந்ததென்று அரசே கூறியது. அடுத்த மாதம் ஆக்சிமீட்டர், குளுக்கோமீட்டர், இரத்த அழுத்தமானி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஆகிய ஐந்துக்கும் அதே வரம்பு வந்தது. அவற்றில் விநியோகஸ்தர் விலைக்கும் அச்சிட்ட சில்லறை விலைக்கும் இடைப்பட்ட இலாபம் 3 விழுக்காட்டிலிருந்து 709 விழுக்காடு வரை விரிந்திருந்தது. மீண்டும் படியுங்கள்: எழுநூற்று ஒன்பது விழுக்காடு. அதில் மழையில் நனைந்து கருவியைத் தூக்கிவந்தவனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று நான் அறிவேன். பெட்ரோல் போட்டபின் மிஞ்சியதையும் அறிவேன்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 2019 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை ஒரு பெரும் மோசடியை வெளிப்படுத்தியது. முதியோரைத் தொலைபேசியில் அழைத்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் தேவையற்ற பட்டைகளை 'இலவசம்' என்று தலையில் கட்டி, அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பணம் கறந்திருக்கிறார்கள். 24 பேர் மேல் குற்றச்சாட்டு. இழப்பு 120 கோடி டாலருக்கு மேல். அங்கேயும் தொலைபேசியில் பேசியவர்கள் அயல்நாட்டு அழைப்பு மையங்களின் கூலிக்காரர்கள். குரல் ஒருவனுடையது, பணம் வேறொருவனுடையது.

நம் வீட்டுக் குற்றம்

நிறுவனத்தையும் அரசையும் கூறிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. இந்த வாணிகத்துக்குக் கதவு திறந்துவிடுகிறவர்கள் நாமே.

ஞாயிறு திருப்பலிக்குப்பின் பங்கு மண்டபத்தில் 'இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம்' நடத்த நான் பலமுறை இடம் கேட்டிருக்கிறேன். ஒருமுறையும் மறுப்பு வந்ததில்லை. இலவசமாகப் பரிசோதித்து, குளுக்கோமீட்டரை மலிவாகக் கொடுத்து, அதற்குரிய ஸ்ட்ரிப்புகளை மாதந்தோறும் வாங்கவைப்பதே முகாமின் நோக்கம். அந்தக் கருவிக்கு வேறு நிறுவன ஸ்ட்ரிப் பொருந்தாது. பங்குப் பேரவையினர் எவரும், "தம்பி, இதில் உனக்கு என்ன வரும்?" என்று கேட்கவில்லை. கோவில் வளாகத்தில் நின்றதாலேயே மக்கள் என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கை என்னுடையதன்று, கடன் வாங்கியது. அதையும் விற்றேன்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோரிடம் சென்று அமர நேரமில்லாத பிள்ளைகள், அந்தக் குறையைக் கருவியால் ஈடுசெய்ய விரும்புவர். துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ தொலைபேசியில், "விலை முக்கியமில்லை, இருப்பதில் பெரியதைக் கொடுங்கள்" என்பர். எங்களுக்குக் கற்றுத்தந்த பாடமே அந்தக் குற்ற உணர்வைத் தொடுவதுதான். "அப்பாவுக்குத்தானே சார்?" என்ற ஒரு வாக்கியம் போதும், பேரம் நின்றுவிடும். முதுகுப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டத்தான் வேண்டும். மெத்தையை விற்றபோது அதை நான் அழுத்திச் சொன்னதில்லை. வாங்கியவர்களும் கேட்க விரும்பியதில்லை.

அணையாத அடுப்பும் பரண்மேல் வாக்கரும்

பார்வதிபுரம் மக்கள் அளித்த நிலத்தில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆறு ஆண்டுகளில் எத்தனையோ நண்பகல்களில், கையில் காசின்றி நான் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தச் சமயம், எந்த வேலை என்று ஒருவரும் கேட்டதில்லை. பசியை வைத்து வாணிகம் செய்யக்கூடாது என்று ஒரு மனிதர் முடிவு செய்தார்; ஊரார் நிலம் கொடுத்தார்கள்; நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் அது நடக்கிறது. சாப்பிட்டு எழுந்து, கைகழுவி, மூச்சுத்திணறலை வைத்து வாணிகம் செய்ய வண்டியை எடுப்பேன். அந்த முரண் எனக்கு அப்போதே உறைத்தது. உறைத்தும் வண்டியை எடுத்தேன்.

பசிக்குச் செய்ததை நோய்க்கும் செய்ய முடியும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோவு தணிப்புச் சிகிச்சை இயக்கம், அண்டை வீட்டாரையே தொண்டர்களாக்கி, கேரளம் முழுதும் கிளைவிட்டது. சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் அங்கே பல இடங்களில் இரவலாகக் கிடைக்கின்றன. தேவை முடிந்தபின் அடுத்த வீட்டுக்குப் போகின்றன. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண்ணுக்கு, விற்றால்தான் கூலி என்ற நிபந்தனை இல்லை.

நம் பங்குகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பாருங்கள். ஒவ்வோர் அன்பியத்திலும் எவர் வீட்டுப் பரணிலாவது ஒரு வாக்கர், ஒரு சக்கர நாற்காலி, ஒரு மடக்குக் கட்டில் தூசி படிந்து கிடக்கும். அதே தெருவில் இன்னொரு வீட்டார் அதே பொருளுக்காக நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பர். மண்டபத்தில் ஓர் அறையும், ஒரு பதிவேடும், தூய்மை செய்து பழுது பார்க்க ஓர் ஊழியரும் போதும். ஊழியருக்கு முறையான சம்பளம் கொடுங்கள். என்னைப் போன்று வேலையை விட்ட பையன்கள் இம்மாவட்டத்தில் பலர் உள்ளனர். கருவிகளை நன்கு அறிந்தவர்கள்.

வாங்கியே தீர வேண்டுமெனில், சில கேள்விகள் கேளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறாரா? அந்த அளவில் தூய்மை எவ்வளவு என்று நம் வீட்டிலேயே அளந்து காட்டுவார்களா? வாடகைக்குக் கிடைக்குமா? மின்சாரம் நின்றால் என்ன மாற்று? பழுதானால் வருகிறவர் எந்த ஊரில் இருக்கிறார்? கேட்டால் பையன் முதலில் திகைப்பான். கேட்காதவரை அவன் சொல்லத் தேவையில்லை என்பதே அவனுக்கு இட்ட கட்டளை. நீங்கள் கேட்டுவிட்டால், உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு வழி பிறக்கும்.

நிறுவனம் நடத்தும் நம்மவரும் உண்டு. ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்கிறவர்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நோயாளி வீட்டுக்கு அனுப்பும் ஊழியனுக்கு வாழ்வதற்குப் போதுமான நிலையான சம்பளம் கொடுங்கள். விற்றதற்குப் பரிசு தருவதை விட்டு, விற்றபின் சென்று பார்த்ததற்குக் கூலி கொடுங்கள். இலாபம் குறையும் என்பீர்கள். குறையட்டும். 709 விழுக்காட்டிலிருந்துதானே குறையப்போகிறது?

கூலி மறுக்கப்பட்டவனின் குரல் ஆண்டவர் செவியை எட்டும் என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது. அந்தக் குரல் நம் செவிக்கும் எட்ட வேண்டும். கூலியோடு சேர்த்து ஒருவனுடைய உண்மை பேசும் உரிமையையும் பறித்துக்கொண்ட வாணிகம் இது.

அன்று திண்ணையில் பேசாமலிருந்த நான், மறுவாரம் அந்த வீட்டுக்குத் திரும்பச் சென்று என் கதையை மூத்த மகனிடம் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையனுக்கு எவ்வளவு சம்பளம் இருக்கும்?" என்று கேட்டார். கருவியின் வடிகட்டியைக் கழுவி, ஓட்டிப் பார்த்தோம், நன்றாகவே ஓடியது. அதனை எவருக்கு இரவல் தருவது என்று எங்கள் அன்பியத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.